யாருடைய ஆள்?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் வேதியியல்)

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம். கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். பெயர், ஊர், வகுப்பு எல்லாம் தங்குதடையின்றி வந்தன. 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்திற்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. படிவமோ ஆங்கிலத்தில் இருந்தது. கையிலிருந்த வருமானச் சான்றிதழில் 'கூலி' என்று இருந்தது. "லேபரர்னு போடுடி" என்றாள் பக்கத்திலிருந்த தோழி. "எம்ப்ளாயின்னு போடு, கௌரவமா இருக்கும்" என்றாள் இன்னொருத்தி. "ஒர்க்கர்தான் சரி" என்றாள் மூன்றாமவள். மூவரின் வாதத்தையும் கேட்டுக்கொண்டிருந்த அலுவலக எழுத்தர், "எதையாவது ஒண்ணைப் போடும்மா. எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

எல்லாம் ஒன்றுதானா? அன்று முதல் இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. ஒன்றல்ல என்பதே என் சிற்றறிவுக்கு எட்டிய முடிவு. வேலை செய்பவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் வேறுபாடு அகராதியோடு முடிந்துவிடுவதில்லை. அது சம்பளப் பட்டியல் வரை போகிறது, மருத்துவமனை வரை போகிறது, நீதிமன்றத்தின் வாசல் வரையும் போகிறது. வேதியியல் மாணவிக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். என் தந்தையின் இடக்கையில் இப்போது மூன்று விரல்கள்தாம் இருக்கின்றன. அதனால்தான்.

முதலில் அகராதியையே பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் செய்பவரைக் குறிக்கும் சொற்கள் 'அர்' என்ற ஓசையில் முடிகின்றன: ஒர்க்கர், டீச்சர், ஃபார்மர். செயலுக்கு ஆட்படுபவரைக் குறிக்கும் சொற்கள் 'ஈ' என்ற ஓசையில் முடிகின்றன: எம்ப்ளாயி, டிரெய்னி, நாமினி. ஒர்க்கர் தாம் செய்யும் செயலால் பெயர் பெறுகிறார். எம்ப்ளாயியோ, தம்மை வேலைக்கு வைத்துக்கொண்ட வேறொருவரின் செயலால் பெயர் பெறுகிறார். தமிழ் வகுப்பில் படித்த எழுவாயும் செயப்படுபொருளும் உங்கள் நினைவுக்கு வருகின்றன அல்லவா? ஆனால் நாட்டு நடப்பில் மதிப்பு தலைகீழ். எம்ப்ளாயி என்றால் நாற்காலியும் மின்விசிறியும் நினைவுக்கு வரும். ஒர்க்கர் என்றால் எண்ணெய்க்கறை படிந்த சட்டை நினைவுக்கு வரும்.

தமிழ் இந்த இடத்தில் வேறு வழியில் போயிருக்கிறது. தொழிலாளி, முதலாளி என்ற இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தொழிலை ஆள்பவர் தொழிலாளி, முதலை ஆள்பவர் முதலாளி. இருவருக்கும் ஆளுகை உண்டு. சென்னைக் கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் சிலைக்கு ஆங்கிலத்தில் 'உழைப்பின் வெற்றி' என்ற பொருளில் பெயர். நம் மக்களோ அதை 'உழைப்பாளர் சிலை' என்கிறார்கள். உழைப்பை அல்ல, உழைப்பவரையே கண்டிருக்கிறார்கள். ஆங்கிலேயரின் ஆலைகளிலோ தொழிலாளிக்கு 'ஹேண்ட்', அதாவது 'கை' என்றே பெயர் இருந்தது. 1854இல் வெளிவந்த 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் சார்லஸ் டிக்கன்ஸ் இதைச் சுட்டிக் காட்டுகிறார். ஆலைக்கு வேண்டியது கை மட்டும்தானே!

இதைக் கேட்டுவிட்டு நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பண்ணையாள், படியாள், அடியாள் என்ற சொற்களும் நம்முடையவையே. படியாள் என்றால் படி நெல்லுக்கு வேலை செய்தவர். சிதம்பரத்தைச் சுற்றிய நெல் வயல்களில் நம் பாட்டனார்கள் அந்தப் பெயரோடு வாழ்ந்தார்கள். நந்தனாரை நினைத்துப் பாருங்கள். பெரிய புராணத்தில் வராத ஒரு வேதியர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரத்தில் பண்ணை முதலாளியாக வருகிறார். அவரிடம்தான் நந்தன் சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான். மக்கள் அதைப் பக்திக் கதையாகக் கேட்டார்கள். எனக்கோ அதில் விடுப்புக் கேட்கும் ஒரு தொழிலாளி தெரிகிறான். நாற்பது வேலி நிலத்தையும் நட்டு அறுத்தால்தான் விடுப்பு! நந்தனை ஆங்கிலத்தில் எந்தச் சொல்லால் குறிப்பது? சர்வண்ட் என்றால் போதாது. எம்ப்ளாயி என்றால் சிரிப்பு வரும். அடிமை நிலைக்குச் சட்ட ஏற்பு இல்லை என்று 1843ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்ததோ 1976இல். இடையில் ஓடிய 133 ஆண்டுகளில் நந்தன்களுக்கு என்ன பெயர் இருந்தது என்று கேட்டால், 'ஆள்' என்பதுதான் விடை.

நம் வருமானச் சான்றிதழில் இருக்கும் 'கூலி' என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. தமிழில் கூலி என்பது உழைப்புக்குத் தரும் காசு, ஆளின் பெயர் அன்று. ஆங்கிலத்தில் வழங்கும் 'கூலி' தமிழிலிருந்து போனது என்பாரும், குஜராத்தின் கோலி என்னும் இனப்பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எங்கிருந்து வந்திருந்தாலும், ஆங்கிலேயரின் ஏடுகளில் மனிதரே கூலி ஆகிவிட்டார். தென்னார்க்காட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் மொரீஷியசுக்கும் நேட்டாலுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியவர்கள் அந்தப் பெயரோடுதான் கப்பலேறினார்கள். போன சொல் திரும்பி வந்து நம் வருவாய்த் துறைச் சான்றிதழில் உட்கார்ந்துகொண்டது.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு செய்தி. தேவனாம்பட்டினத்தில் சிதைந்து கிடக்கும் புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் 1690இல் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். 1756இல் அதன் ஆளுநராக வந்த இராபர்ட் கிளைவ், 1744இல் இந்தியாவுக்கு வந்தபோது வகித்த பதவியின் பெயர் 'ரைட்டர்'. எழுத்தாளர் அன்று, கணக்கெழுதும் குமாஸ்தா. கம்பெனியின் பெரிய மனிதர்கள் அனைவரும் ஏட்டில் கம்பெனியின் 'சர்வண்ட்'கள். அவர்கள் வீட்டில் பங்கா இழுத்தவரும் 'சர்வண்ட்'தான். ஒரு சர்வண்ட் சீமைக்குத் திரும்பிப் பிரபுவானார். இன்னொரு சர்வண்டுக்கு ஏட்டில் பெயர்கூட இல்லை. இன்றும் 'பப்ளிக் சர்வண்ட்' என்றால் எழுந்து நிற்கிறோம், வீட்டு 'சர்வண்ட்' என்றால் கொல்லைப்புறத்தைக் காட்டுகிறோம். சொல் ஒன்றுதான். ஆனால் அவரை வைத்திருப்பவர் யார் என்பதில்தான் மதிப்பு இருக்கிறது போலும்!

இனி என் தந்தையின் கதைக்கு வருகிறேன்.

இந்த மாவட்டத்து ஆலை ஒன்றில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்கிறார். ஆலை மாறவில்லை. செய்யும் வேலையும் மாறவில்லை: குழாய்களைக் கழற்றுவது, மாட்டுவது, கசிவு பார்ப்பது. மாறியவர்கள் ஒப்பந்தக்காரர்கள் மட்டுமே. இதுவரை நான்கு பேர் மாறிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் புதிய அட்டை, புதிய எண், புதிய பணிநாள் கணக்கு. 2019ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் இரும்புக் குழாய் ஒன்று சங்கிலியிலிருந்து நழுவி அவருடைய இடக்கையின் மேல் விழுந்தது. துண்டால் கையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "எங்கே அடி?" என்பது அன்று. "நீ யாரு ஆளு?" என்பதுதான்.

அப்பா இதைக் கோபமாகச் சொல்வதே இல்லை. "அவங்களுக்கு எந்த வண்டியை அனுப்பறதுன்னு தெரியணும்ல, அதுக்காகக் கேட்டாங்கம்மா" என்பார். எனக்குத்தான் ஆறவில்லை.

பின்னாளில் மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து, எங்கள் தெருவில் சட்டம் படிக்கும் ஓர் அண்ணனின் உதவியோடு, அன்று நடைமுறையில் இருந்த சட்டங்களைப் பார்த்தேன். வியப்பாக இருந்தது. அந்தக் குழாய் விழுந்த நொடியில் என் தந்தை ஒருவர் அல்லர், பலர். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி அவர் 'ஒர்க்கர்'. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தாலும், ஆலை முதலாளிக்கே தெரியாமல் வந்தாலும்கூட, அங்கே வேலை செய்பவர் ஒர்க்கர்தான் என்று அந்தச் சட்டம் தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டப்படி அவர் 'எம்ப்ளாயி'. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி அவர் 'கான்ட்ராக்ட் லேபர்'. ஒப்பந்தக்காரரின் சம்பள ஏட்டில் 'ஹெல்பர்'. ஆலையின் சொந்த ஊழியர் பட்டியலிலோ அவர் இல்லவே இல்லை.

இவற்றுள் எங்களைக் காப்பாற்றிய சொல் எம்ப்ளாயி. ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்ததால் மருத்துவம் பார்த்தார்கள், மாதம்தோறும் உதவித்தொகையும் வந்தது. எங்களைக் கெடுத்த சொல் ஹெல்பர். எப்படி என்று கேளுங்கள். அப்பா செய்தது ஃபிட்டர் வேலை, அதாவது திறன் பெற்றவரின் வேலை. ஏட்டில் இருந்ததோ ஹெல்பர், அதாவது திறனற்றவரின் சம்பளம். உடல் ஊனத்திற்கான உதவித்தொகையைச் சராசரி நாள் ஊதியத்தில் 90 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள். எந்த ஊதியத்தில்? ஏட்டில் இருந்த ஊதியத்தில்! பதினாறு ஆண்டுகளாகத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிபோனதை அந்த ஒரு சொல் மொத்தமாக எடுத்துக் காட்டியது. "எல்லாம் ஒண்ணுதான்" என்ற எழுத்தரை நான் குறை சொல்லவில்லை. அவரும் அரசின் ஏதோ ஒரு பட்டியலில் ஏதோ ஒரு சொல்லாக இருப்பவர்தானே!

விட்டுப்போன இன்னொரு சொல் 'ஒர்க்மேன்'. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் உயிர்நாடி இந்தச் சொல்தான். ஒர்க்மேன் என்று ஒருவர் மெய்ப்பித்தால், வேலையை விட்டு நீக்கியதை எதிர்த்துத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகலாம். இல்லையென்றால் அந்தக் கதவு திறக்காது. ஆசிரியர் ஒர்க்மேன் அல்லர் என்று 1988இல் உச்சநீதிமன்றம் சொன்னது. மருந்து விற்பனைப் பிரதிநிதியும் அல்லர் என்று 1994இல் சொன்னது. நம் துறையில் படித்தவர்கள் எத்தனை பேர் பையைத் தூக்கிக்கொண்டு மருத்துவர்களின் வாசலில் நிற்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒருவரின் பதவிப் பெயரை அல்ல, அவர் உண்மையில் செய்த வேலையைத்தான் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. நல்லதுதான். ஆனால் அதைச் சொல்ல வைக்க எத்தனை ஆண்டுகள் படியேற வேண்டும்! 'எக்ஸிகியூட்டிவ்' என்று அட்டை கொடுத்தால் நம் பிள்ளைகள் மகிழ்ந்து போகிறார்கள். அந்த மகிழ்ச்சிக்கு என்ன விலை என்று யாரும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் 1981இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த ஒர்க்மேனை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். என் தந்தையின் பதினாறு ஆண்டுகளில் எத்தனை 480 நாட்கள் அடங்கும் என்பதைக் கணிதத் துறை நண்பர்கள் சொல்லட்டும். ஆனால் ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் அவருடைய கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கியது. நம் பக்கத்து நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு 2023இல் வேலைநிறுத்தம் செய்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். சொல்லப்போனால் அவர்கள் கேட்டதும் ஒரு சொல்லைத்தான். தங்கள் பெயருக்கு முன்னால் நிற்கும் 'ஒப்பந்த' என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னார்கள்.

இப்போது சட்டப் புத்தகமே மாறிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. ஒர்க்மேன் போய் ஒர்க்கர் வந்திருக்கிறார். ஒரு பெண்ணாக, 'மேன்' ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் பெயரிலிருந்து 2010லேயே அதை எடுத்துவிட்டு எம்ப்ளாயி என்று போட்டார்கள். சித்தாளாகச் சாந்துச் சட்டி சுமக்கும் என் அத்தையை அதுவரை 'ஒர்க்மேன்' என்றே சட்டம் அழைத்து வந்தது! விற்பனைப் பிரதிநிதிகளையும் புதிய சட்டம் ஒர்க்கர் என்கிறது. இதையும் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதே வரையறையின் ஓர் அடைப்புக்குறி என் கண்ணை உறுத்துகிறது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் 'அப்ரண்டிஸ் உட்பட' என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தது. புதிய சட்டம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சேர்ந்த 'அப்ரண்டிஸ் நீங்கலாக' என்று எழுதுகிறது. அந்த 1961ஆம் ஆண்டுச் சட்டமே அவர்களைப் பயிற்சி பெறுபவர்கள், தொழிலாளர்கள் அல்லர் என்றுதான் சொல்கிறது. அடுத்த ஆண்டு பட்டம் வாங்கப்போகும் நம்மில் பலர் அந்த அடைப்புக்குறிக்குள்தான் போய் விழப்போகிறோம்.

நம் கல்லூரிக்குள்ளேயே பாருங்கள். நமக்குப் பாடம் நடத்துவோரில் பலர் ஆங்கிலத்தில் 'கெஸ்ட் லெக்சரர்'. தமிழில் 'கௌரவ விரிவுரையாளர்'. ஆங்கிலம் அவர்களை விருந்தாளி என்கிறது, தமிழ் கௌரவம் என்கிறது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். பத்தாண்டுகளுக்கு மேலாக விருந்தாளியாகவே இருக்கும் ஆசிரியர்கள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் உண்டு. சிதம்பரத்தில் 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013இல் அரசு ஏற்றபின் இன்னொரு சொல் புழக்கத்துக்கு வந்தது: 'சர்ப்ளஸ்', அதாவது உபரி. ஆசிரியர்களும் ஊழியர்களும் உபரி என்று கணக்கிடப்பட்டு வேறு ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் இருந்தது உண்மைதான். ஆயினும் நெல்லுக்குப் பொருந்தும் சொல் ஆசிரியருக்கும் பொருந்துமா என்று கேட்கத் தோன்றுகிறது.

அங்கன்வாடிப் பணியாளருக்கு 'ஊதியம்' இல்லை, 'மதிப்பூதியம்'. அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்சநீதிமன்றம் 2022இல் சொல்லித்தான் அந்தச் சொல்லின் திரை கொஞ்சம் விலகியது. வீடு வீடாக உணவு கொண்டுவரும் இளைஞருக்கோ 'பார்ட்னர்' என்று பெயர். இலாபத்தில் பங்கு இல்லாத பங்காளி!

"பெயரை மாற்றினால் பிழைப்பு மாறிவிடுமா?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. துப்புரவுப் பணியாளர் என்ற பெயரை அரசு 2020இல் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் அவர்கள் நாள்கணக்கில் அமர்ந்திருந்தபோது அந்த அழகிய சொல் அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆனால் அவர்கள் அங்கே கேட்டது என்ன? தனியார் நிறுவனத்தின் ஆளாக வேண்டாம், மாநகராட்சியின் ஆளாகவே இருக்கிறோம் என்பதுதானே? மரியாதைக்காக வைக்கும் பெயர் வேறு, உரிமையைத் தரும் பெயர் வேறு. முதலாவதைக் கொடுப்பதற்குச் செலவில்லை. ஆகவேதான் தாராளமாகக் கொடுக்கிறார்கள்.

எனக்குள்ள வருத்தம் ஒன்று உண்டு. ஆங்கில வகுப்பில் நமக்கு விடுப்புக் கடிதம் எழுதக் கற்றுத் தருகிறார்கள். பணி நியமன ஆணையைப் படிக்கக் கற்றுத் தருவதில்லை. தந்தையும் தாயும் அலுவலகம் போன வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சோற்றோடு ஊட்டப்படுகிறது. எங்கள் வீட்டில் ஆங்கிலத்தில் வந்த முதல் கடிதமே என் கல்லூரிக் கடிதம்தான். எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பருவத்தில் நான்கு வகுப்புகள் ஒதுக்கினால் போதும். பழைய நியமன ஆணைகள் நான்கைக் கொண்டுவந்து வரிவரியாகப் படித்துக் காட்டலாம். முதல்வர் அவர்களுக்கும் ஆங்கிலத் துறையினருக்கும் இதை என் பணிவான வேண்டுகோளாக வைக்கிறேன்.

சென்ற மாதம் எங்கள் துறையின் மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவருக்கு வேலைக்கான தாள் வந்தது. முதல் பக்கத்தில் 'டிரெய்னி' என்றும், மூன்றாம் பக்கத்தில் 'அப்ரண்டிஸ்' என்றும், சம்பளம் என்று வரவேண்டிய இடத்தில் 'ஸ்டைபண்ட்' என்றும் இருந்தது. இருவரும் அதை எடுத்துக்கொண்டு எங்கள் கௌரவ விரிவுரையாளர் ஒருவரிடம் போனோம். ஒரு மணி நேரம் பொறுமையாகப் படித்து நான்கு இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தார். "இதையெல்லாம் கேட்டா வேலை போயிடுமா சார்?" என்று அக்கா பயந்தார். "மரியாதையா கேளுங்கம்மா. கேட்கிறதுக்கு உரிமை இருக்கு" என்றார். இப்பயிற்சி 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியானதா, ஈ.எஸ்.ஐ. உண்டா, ஓராண்டு முடிந்தபின் என்ன பெயரில் இருப்போம் என்று மூன்று கேள்விகளை எழுதி அன்று மாலையே அஞ்சலில் சேர்த்தோம். பதில் இன்னும் வரவில்லை. இம்மலர் அச்சேறுவதற்குள் வந்துவிட்டால் அக்காவே உங்களிடம் சொல்வார்.